இடது பக்கத் தாழ்ப்பாள்!

எங்கள் வீட்டில் ஒரு காலத்தில் கார் இருந்தது. இதைச் சொன்னால் ஆபீஸில் ஒருத்தரும் நம்புவதில்லை. ஷேர் ஆட்டோவில் பாதி உடம்பை வெளியே விட்டுக்கொண்டு வந்து இறங்குகிறவன் சொன்னால் யார்தான் நம்புவார்கள்?

இருந்தது ஸார். ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1970 மாடல். அப்பா 1977-ல் செகண்ட் ஹாண்டாக வாங்கினார், 1986-ல் விற்றார். நடுவில் ஒன்பது வருஷம் நாங்கள் அதைத் தள்ளினோம். சில நாள் அது தானாகவும் ஓடியது.

இளைய தலைமுறைக்கு ஒரு சின்ன அறிமுகம். ஹெரால்டு பிறந்தது இங்கிலாந்தில், 1959-ல், டிரையம்ஃப் என்ற பெயரில். உருவம் வரைந்து கொடுத்தவர் மிக்கெலோட்டி என்ற இத்தாலிக்காரர். 1961-லிருந்து நம் வண்டலூரில் 'ஸ்டாண்டர்டு' என்ற பெயரில் தயாரானது. 948 சி.சி. என்ஜின். பானெட்டைத் தூக்கினால் மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து முன்பக்கமாக முதலை வாய் மாதிரி திறக்கும். 25 அடி வட்டத்துக்குள் முழுசாகத் திரும்பிவிடும். இங்கிலாந்தில் கடைசி வரை இரண்டு கதவுதான். நம் ஊர்க் குடும்பங்களின் சைஸைப் பார்த்து இங்கே பின்னால் நாலு கதவு வைத்தார்கள்.

எங்கள் கார் நாலு கதவு. அதில் மூன்றுதான் ஒழுங்காகச் சாத்தும்.

முன்பக்க இடது கதவின் பூட்டு ஒருநாள் உள்ளுக்குள்ளேயே உடைந்துவிட்டது. மெக்கானிக் சொன்ன தொகையைக் கேட்ட அப்பா, நேரே ஹார்டுவேர் கடைக்குப் போய் ஒரு பித்தளைத் தாழ்ப்பாள் வாங்கி வந்தார். ஜன்னலுக்குப் போடுவோமே, அதே தாழ்ப்பாள். கதவின் உள்பக்கம் தானே ஸ்குரூ முடுக்கிவிட்டார். அது அம்மாவின் ஸீட். அம்மா ஏறி உட்கார்ந்து, தாழ்ப்பாளைத் தள்ளி, "போட்டாச்சு, எடுங்க" என்று சொன்னால்தான் வண்டி நகரும்.

அம்மா போய் மூன்று வருஷம் ஆகிறது. அப்பாவுக்கு 81. பால்கனியில் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பார். பேச்சு அநேகமாக இல்லை. ஒருநாள் எதிர் ஃபிளாட்காரர் தன் புதுக் காரைத் திருப்ப முடியாமல் முன்னும் பின்னுமாக ஆறு தடவை போய் வந்தார். அப்பா மெதுவாக, "ஹெரால்டா இருந்தா ஒரே ஒடி" என்றார்.

நான்கு நாளில் அவர் பேசிய முதல் வாக்கியம் அது. எனக்குள் ஏதோ பிடித்துக்கொண்டது. அந்தக் காரைத் தேடினால் என்ன?

நம்பரை ஆன்லைனில் போட்டேன். பழைய மூன்றெழுத்து நம்பர், ஒரு விவரமும் வரவில்லை. அப்பாவின் டிரங்குப் பெட்டியைக் குடைந்ததில் இரண்டு புதையல்: பழைய இன்ஷூரன்ஸ் பேப்பர் ஒன்று (சேஸிஸ் நம்பர், என்ஜின் நம்பருடன்!), 1986 டைரி ஒன்று. டைரியில் தஞ்சாவூர் டாக்டர் ஒருவரின் விலாசம். டாக்டர் இல்லை, மகன் இருந்தார். "1994-ல காரைக்குடிப் பக்கம் ஒரு ரைஸ் மில்காரருக்குக் கொடுத்தோம் ஸார்" என்றார். ஆறு போன் கால்களில் மில்லைப் பிடித்துவிட்டேன். "ஷெட்ல ஒரு பழைய வண்டி கிடக்கு. அது என்ன வண்டின்னு எனக்கே தெரியாதுண்ணே" என்றார் மில்காரரின் பேரன்.

மனைவி கேட்டாள்: "பார்த்துட்டு வரப் போறீங்களா, வாங்கிட்டு வரப் போறீங்களா?"

"பார்க்க மட்டும்தான்."

பேங்க் டெபாசிட் ரசீதை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். ஆறு லட்சம். பெண்ணின் காலேஜுக்காகப் போட்டது.

மதியம் எழும்பூரில் பல்லவன் எக்ஸ்பிரஸ். தாம்பரம் தாண்டியதும் ஜன்னலோரமாக எட்டிப் பார்த்தேன். வண்டலூர். இப்போது இந்தப் பெயரைச் சொன்னால் மிருகக்காட்சி சாலையும், பக்கத்துக் கிளாம்பாக்கம் பஸ் நிலையமும்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். கார் செய்த ஊர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? 1983 டிசம்பரில் மாருதி 800 வந்ததும் பழைய வண்டிகளுக்கு மதிப்பு போய்விட்டது. 1985-ல் 'ஸ்டாண்டர்டு 2000' என்று ஆடம்பரமாக ஒன்றை இறக்கிப் பார்த்தார்கள். எடுபடவில்லை. 1988-ல் உற்பத்தியே நின்றது.

இரவு காரைக்குடி. காலையில் வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும். மில்காரர் பத்தரைக்குத்தான் வருவார் என்பதால் முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனேன். பழைய பொருள் கடைகளுக்குப் பேர்போன தெரு. பர்மா தேக்குத் தூண்கள், எனாமல் தூக்குகள், மரப் பெட்டிகள், யார் வீட்டுத் தாத்தாவோ முறைத்துப் பார்க்கும் போட்டோக்கள். ஒரு கடைக்காரரிடம் நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். ஆள் சிரித்துவிட்டார்.

"இங்க மகன் வந்து விப்பாரு, பேரன் வந்து தேடுவாரு தம்பி. பேரனுக்கு நாங்க சொல்ற விலை வேற!"

மில் பள்ளத்தூர் போகும் வழியில். நெல் அரைத்தே பல வருஷம் ஆகிவிட்ட மில். பேரன் ஷெட் கதவைத் தள்ளித் திறந்தார். கோணி மூட்டைகளுக்கு நடுவில், நாலு டயரும் தரையோடு அமுங்கி, மேலே கோழி எச்சத்துடன் ஒன்று நின்றது. சாம்பல் கலந்த நீலம் என்று எனக்கு ஞாபகம். இப்போது அது எந்த நிறமும் இல்லை.

இதுதானா? எல்லா ஹெரால்டும் ஒரே முகம்தானே!

இடது பக்கம் போய்க் கதவை இழுத்தேன். கிறீச்சென்று திறந்தது. உள்ளே, பச்சையாகக் களிம்பேறி... தாழ்ப்பாள்.

கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். "என்னண்ணே, பாம்பு கீம்பு இருக்கா?" என்று பேரன் பதறி ஓடி வந்தார்.

அதற்குப் பிறகுதான் புத்தி வேலை செய்ய ஆரம்பித்தது. தாழ்ப்பாளை நம்பிக் காசு கொடுக்கக் கூடாது இல்லையா? இன்ஷூரன்ஸ் பேப்பரை எடுத்து ஒப்பிட்டோம். சேஸிஸ் நம்பர் அச்சாகப் பொருந்தியது. என்ஜின் நம்பர் பொருந்தவில்லை. நடுவில் எவரோ வேறு என்ஜினை மாட்டியிருக்கிறார்.

காரைக்குடியில் பழைய வண்டி வேலை தெரிந்த மேஸ்திரி ஒருவரை அழைத்து வந்தார் பேரன். அவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. படுத்து, டார்ச் அடித்து, அடிப்பக்கத்தை ஸ்குரூ டிரைவரால் குத்தினார். நாலு இடத்தில் ஸ்குரூ டிரைவர் உள்ளே போனது.

"மேல இருக்கிற பெயின்ட்டைப் பார்த்து ஏமாறுறவங்கதான் ஜாஸ்தி ஸார். ஹெரால்டுல பாடி தனி, சேஸிஸ் தனி. சேஸிஸ்லேர்ந்து பக்கவாட்டுல நீட்டிக்கிட்டிருக்கே இந்தக் கை, இதுமேலதான் பாடி உட்கார்ந்திருக்கு. இது துருப்பிடிச்சாக் கதை முடிஞ்சுது. மொத்த பாடியையும் கழட்டித்தான் வேலை பாக்கணும்."

சிகரெட் அட்டையைக் கிழித்துக் கணக்குப் போட்டார். அப்படியே தருகிறேன்:

டிங்கர் வேலை, அடித் தகடு - 1,40,000. பெயின்ட் - 80,000. பழைய ஹெரால்டு என்ஜின் தேடி வாங்கி ரீபோர் செய்ய - 1,10,000. ஒயரிங் - 25,000. பிரேக், சஸ்பென்ஷன் - 45,000. ஸீட் குஷன், கூரைத் துணி - 35,000. ஸ்டெப்னியோடு ஐந்து டயர் - 25,000. கண்ணாடி, ரப்பர் பீடிங் - 30,000.

கூட்டினால் 4,90,000. பேரன் கேட்ட விலை 90,000. சென்னைக்கு லாரி 25,000. ஆக மொத்தம் 6,05,000.

"இன்னொரு அம்பதாயிரம் சேர்த்துக்குங்க" என்றார் மேஸ்திரி.

"அது எதுக்கு?"

"எதுக்குன்னு வேலை ஆரம்பிச்சப்புறம்தான் தெரியும்!"

ஸ்பேர் பார்ட்ஸ்? என்ஜின், பிரேக் சாமான்கள் இன்றைக்கும் இங்கிலாந்தில் புதிதாகக் கிடைக்கின்றன. கப்பல் கூலியும் கஸ்டம்ஸும் கட்டினால் வந்து சேரும். ஆனால் பின் கதவு? இங்கிலாந்து ஹெரால்டில்தான் பின் கதவே கிடையாதே! வண்டலூரில் செய்தது வண்டலூரோடு முடிந்தது. இன்னொரு செத்த ஹெரால்டிலிருந்து கழற்றினால் உண்டு.

சட்டம் வேறு இருக்கிறது. 2021-ல் வந்த விதிப்படி 50 வருஷம் தாண்டிய கார் 'விண்டேஜ்' அந்தஸ்து கேட்கலாம். ஏற்கெனவே பதிவான வண்டி என்றால் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். புதிதாகப் பதிய 20,000 ரூபாய். ஆனால் சேஸிஸ், பாடி, என்ஜின் எதையும் பெரிதாக மாற்றாமல் பழைய ரூபத்திலேயே இருக்க வேண்டும். கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, ரிப்பேர் இவற்றுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். தினசரி ஆபீஸுக்கு ஓட்டிக்கொண்டு போய் ஷேர் ஆட்டோக்காரர்களைப் பழிவாங்க முடியாது.

மத்தியானம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து யோசித்தேன். ஆறரை லட்சம். டெபாசிட்டைத் தொட்டால் பெண்ணின் காலேஜ். லோன் போட்டால் ஐந்து வருஷம் கழுத்தில் கத்தி. வேலை முடிய ஒரு வருஷம் என்கிறார் மேஸ்திரி. அப்பாவுக்கு 82 ஆகிவிடும். ஆனாலும் அவர் ஒரு தடவை ஸ்டியரிங்கைப் பிடித்தால்...

போட்டோக்களை மனைவிக்கு அனுப்பி, அப்பாவிடம் காட்டச் சொன்னேன். பத்து நிமிஷத்தில் அப்பாவே போனில் வந்தார்.

"எவ்வளவு கேக்கறான்?"

சொன்னேன். ரிப்பேர் கணக்கையும் சொன்னேன்.

"நான் எவ்வளவுக்கு வித்தேன் தெரியுமோ உனக்கு?"

"டைரியில பதினோராயிரம்னு இருக்குப்பா."

"உங்கம்மா ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில பத்தாயிரத்து அறுநூறு கட்டினேன். மிச்சம் நானூறு. அதுல ஹார்லிக்ஸும் ஆரஞ்சும் வாங்கிண்டு ஆட்டோவில போனேன். 'காரை எங்கே நிறுத்தினீங்க?'ன்னு கேட்டா உங்கம்மா. 'நிழல் பார்த்து நிறுத்தியிருக்கேன்'னேன்."

எனக்கு இது தெரியாது. அப்போது எனக்கு வயது ஒன்பது. கார் 'ஓடாமல் போய்விட்டது' என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

"அப்புறம் முப்பத்தாறு வருஷம் இருந்தாளே! அதைவிட நல்ல விலைக்கு எவனும் ஹெரால்டு வித்திருக்க மாட்டான். பேசாம கிளம்பி வா. குழந்தை படிப்புல கை வைக்காதே."

"ஒரு தடவை வந்து பார்க்கறீங்களாப்பா?"

"வேண்டாம்டா. ஓடினதே ஞாபகத்துல இருக்கட்டும்." போனை வைக்கப் போனவர் நிறுத்தினார். "ஆமா... அந்தத் தாழ்ப்பாள் இருக்கா?"

மேஸ்திரி எண்ணெய் விட்டு, சுத்தியலால் மெல்லத் தட்டி, முக்கால் மணி நேரம் போராடிக் கழற்றினார். இரண்டு ஸ்குரூ உடைந்தே வந்தது. பேரனிடம் எவ்வளவு என்று கேட்டேன். "தாழ்ப்பாளுக்குப் போய்க் காசு வாங்கினா எங்க தாத்தா வந்து அடிப்பாருண்ணே" என்றார். காரைக் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் கேட்டிருக்கிறாராம். அவரிடம் இதே நாலு கதவு வண்டி இன்னொன்று இருக்கிறது. இதன் பின் கதவுகள் அதற்குப் போகும். கிட்டத்தட்ட கண் தானம் மாதிரி.

வீட்டுக்கு வந்து கொடுத்ததும் அப்பா பேசவில்லை. புளி போட்டு ஒருநாள் பூராவும் தேய்த்தார். பித்தளை பளபளவென்று ஆனது. அடுத்த நாள் கார்ப்பென்டரைக் கூப்பிட்டுப் பால்கனிக் கதவில் அடிக்கச் சொன்னார். அந்தக் கதவில் ஏற்கெனவே ஒரு தாழ்ப்பாள் இருக்கிறது. யாரும் அதைச் சொல்லவில்லை.

ராத்திரி பத்து மணிக்கு அவர் பால்கனியை விட்டு உள்ளே வருவார். 'டக்'கென்று ஒரு சத்தம். அப்புறம் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி ஒரு குரல்.

"போட்டாச்சு."