விமானிக்கு ஒரு நியாயம், பிள்ளைக்கு ஒரு நியாயமா?

ஜூலை 7, திங்கள்

காலை ஐந்தரைக்கு மகளை எழுப்பினேன். பிளஸ் டூ படிக்கிறாள். ஏழு மணிக்குச் சிறப்பு வகுப்பு. "இன்னும் கொஞ்ச நேரம்மா" என்று போர்வைக்குள் சுருண்டுகொண்டாள். "விடியற்காலையில படிச்சாத்தான் மண்டையில ஏறும். நாங்க எல்லாம் நாலு மணிக்கே எழுந்தோம்" என்றார் அத்தை. எழுந்தது உண்மைதான். அவர் ஊரில் அன்று கரண்ட் கிடையாது. இரவு எட்டு மணிக்கெல்லாம் ஊரே படுத்துவிடும்.

வகுப்பில் கண் சொருகியவள் இரவு பதினொரு மணிக்கு மொட்டைமாடியில் சுறுசுறுப்பாக நின்றாள். பரங்கிமலைப் பக்கம் வீடு. இது மேல்காற்றுக் காலம் என்பதால் விமானங்கள் கடல் பக்கமிருந்து வந்து இறங்குகின்றன. விளக்கைப் பார்த்தே எந்த ரகம் என்று சொல்லிவிடுகிறாள்.

ஜூலை 8, செவ்வாய்

காலையில் எழ முடியாததைச் சோம்பல் என்பது அநியாயம். பதின்வயதில் உடலின் கடிகாரமே பின்னுக்குத் தள்ளிப்போகிறது. தூக்கத்துக்கு ஆயத்தப்படுத்தும் மெலடோனின், சிறுவயதில் சுரந்ததைவிட ஒன்றிரண்டு மணி நேரம் தாமதமாகச் சுரக்கிறது. பகல் முழுக்க விழித்திருப்பதால் சேரும் தூக்க அழுத்தமும் இந்த வயதில் மெதுவாகத்தான் கூடுகிறது. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் மேரி கார்ஸ்கடன் பல ஆண்டுகள் ஆராய்ந்து சொன்னது இது. கைப்பேசி வெளிச்சம் தாமதத்தை இன்னும் கூட்டும். ஆனால் அதைப் பிடுங்கி வைத்தாலும் ஒன்பது மணிக்குத் தூக்கம் வந்துவிடாது.

13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்பு 2016இல் பரிந்துரைத்தது. பதினொன்றரைக்குத் தூங்கி ஐந்தரைக்கு எழும் பிள்ளைக்குக் கிடைப்பது ஆறு.

ஜூலை 10, வியாழன்

2022 ஜூலையில் ஏர்பஸ் பெலூகா சரக்கு விமானம் எரிபொருள் நிரப்பச் சென்னையில் இறங்கியது. ஒன்பதாம் வகுப்பில் இருந்தவளுக்கு விமான ஆசை பற்றிக்கொண்டது அப்போதுதான். ஏர்பஸ் ஆலைகளுக்கிடையே விமான இறக்கைகளையே தூக்கிச் செல்லப் பிறந்தது பெலூகா. முன்பக்கக் கதவு மேல்நோக்கித் திறக்கும். அதற்கு இடம் விட்டு விமானி அறையைக் கீழே தாழ்த்தியிருக்கிறார்கள். அந்த ரகத்தில் செய்யப்பட்டவை ஐந்தே ஐந்து. இன்று சாப்பிடும்போதும் அதைப் பற்றித்தான் பேசினாள்.

ஜூலை 12, சனி

வகுப்பு இல்லை. ஒன்பது மணி வரை தூங்கவிட்டேன். பத்தரைக்குத் துணி காயப்போடும்போது மேலே ஒரு விமானம் போனது. எனக்கு அது வழக்கமான போயிங். "ஜன்னல் வரிசையே இல்லை, பாரும்மா. சாம்பல் நிறம். வால் நுனியில நீட்டிக்கிட்டு இருக்கு. பி-8ஐ!" என்று கத்தினாள். போயிங் 737இன் உடம்பில் உருவான கடற்படைக் கண்காணிப்பு விமானம். 2013இல் அரக்கோணம் ராஜாளி தளத்துக்கு வந்தது. அந்த வால் நீட்சி, நீர்மூழ்கிக் கப்பலின் இரும்பால் காந்தப்புலத்தில் ஏற்படும் சிறு மாற்றத்தை உணரும் கருவி.

வாரம் முழுக்கத் தூங்கி வழிந்தவள்தான் இவள். இன்று கண்ணும் மூளையும் எத்தனை கூர்மை!

ஜூலை 13, ஞாயிறு

இரவில் இறங்கும் விமானங்களைப் பார்த்தபடி யோசித்தேன். விமானி எத்தனை மணி நேரம் ஓய்வெடுக்க வேண்டும் என்று சட்டம் கணக்கு வைத்திருக்கிறது. 2024 ஜனவரியில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் (டி.ஜி.சி.ஏ.) திருத்திய விதிகள் வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணி நேரமாக உயர்த்தின; இரவு 12 முதல் காலை 6 வரையான பணிக்குக் கட்டுப்பாட்டை இறுக்கின. தூக்கம் கெட்டால் அறிவு மழுங்கும் என்பது நம் அரசுக்கே தெரிந்த உண்மை.

பிள்ளைகளின் தூக்கத்துக்காகவும் விதியை மாற்றிப் பார்த்த ஊர்கள் உண்டு. அமெரிக்காவின் சியாட்டில் நகரம் 2016இல் உயர்நிலைப் பள்ளி தொடங்கும் நேரத்தை 7.50இலிருந்து 8.45க்கு மாற்றியது. மாணவர்கள் நாளுக்கு 34 நிமிடம் கூடுதலாகத் தூங்கினார்கள். கலிபோர்னியாவில் 2022 முதல் உயர்நிலைப் பள்ளிகள் எட்டரைக்கு முன் தொடங்கக் கூடாது என்பது சட்டம்.

பள்ளி நடத்துகிறவர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான்: ஏழு மணிச் சிறப்பு வகுப்பை மாலைக்கு மாற்றுங்கள். பெற்றோரே, அடுத்த கூட்டத்தில் மதிப்பெண்ணைக் கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள்.