பத்து மடங்கு வாடகை

நாக்பூர்

அன்புள்ள நண்பா,

இந்த ஊரைத் தொட்டுப் போகும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் கார் கேரியர் டிரெய்லர்கள் ஓயாமல் ஓடுகின்றன. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் தயாராகும் கார்கள் வடக்கே போகின்றன. குருகிராம், மானேசர் கார்கள் தெற்கே வருகின்றன. நம்பர் பிளேட் இல்லாத அந்தப் புதுக் கார்களுக்கு நடுவே, வேலை மாற்றலாகிப் போகிறவர்களின் பழைய கார் ஒன்றிரண்டும் தொற்றிக்கொண்டு போகும். அடுத்த மாதம் உன் காரும் இப்படித்தான் சென்னையிலிருந்து குருகிராம் போய்ச் சேர வேண்டும். நாலு பேரிடம் ரேட் கேட்டு, குறைவாகச் சொன்னவரிடம் கொடுத்துவிடலாம் என்று எழுதியிருந்தாய். அவசரப்படாதே. வாடகை குறையக் குறைய, வழியில் காருக்கு ஏதாவது ஆனால் உனக்குச் சட்டப்படி கிடைக்கக்கூடிய தொகையும் குறைந்துகொண்டே போகும். ரேட் விசாரிக்கிற பலருக்கு இது தெரிவதில்லை.

1865ஆம் வருஷத்துப் பழைய சட்டத்தை எடுத்துவிட்டு, சாலை வழியே சரக்கு ஏற்றிச் செல்வோருக்காக 2007இல் புதுச் சட்டம் கொண்டுவந்தார்கள். சரக்கு அனுப்புகிறவருக்கு அது பல விதத்தில் நல்ல சட்டம். சேதம் நடந்தால் லாரிக்காரரின் அலட்சியத்தை நீ நிரூபிக்க வேண்டியதில்லை. லாரியே சொந்தமாக இல்லாமல் போனிலேயே புக்கிங் பிடிக்கும் ஏஜெண்டும் புரோக்கரும்கூட அந்தச் சட்டத்தின் பார்வையில் சரக்கை ஏற்றுக்கொண்டவர்கள்தான். "வண்டி என்னுடையது இல்லை சார்" என்று கைகழுவ முடியாது. ஆனால் 2011இல் வந்த விதிகள் இழப்பீட்டுக்கு ஓர் உச்சவரம்பு வைத்துவிட்டன: வாடகையைப் போல் பத்து மடங்கு. 18,000 ரூபாய்க்குப் பேசினால் 1,80,000. உன் கார் இன்றைக்கு 7 லட்சம் பெறும் என்றால் மீதி 5,20,000 ரூபாய்க்கு ஏற்றிப் போகிறவருக்குப் பொறுப்பில்லை. இதைத் தாண்ட வழியும் சட்டத்திலேயே இருக்கிறது. காரின் மதிப்பை எழுதிக் கொடுத்து, கூடுதல் ரிஸ்க்குக்கான கட்டணத்தைக் கட்ட ஒப்புக்கொண்டால் இந்த வரம்பு உன்னைக் கட்டாது. அந்தக் கட்டணத்தையும் சேர்த்து நாலு பேரிடமும் கேட்டுப் பார், யார் மலிவு என்பதே மாறிப்போகலாம்.

ஏற்றும்போது உன் கையில் ஒரு லாரி ரசீது தருவார்கள். எல்.ஆர். என்பார்கள்; வடக்கே அதற்குப் பில்டி என்று பெயர். அதன் ஓரத்தில் 'ஓனர்ஸ் ரிஸ்க்', அதாவது சேதம் சொந்தக்காரர் பொறுப்பு என்று அச்சடித்தோ ரப்பர் ஸ்டாம்பு குத்தியோ இருக்கிறதா என்று பார். இருந்தால் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே பேசித் தீர்த்துக்கொள். 'டிரான்சிட் இன்ஷூரன்ஸ்' என்று ஒரு வரி எழுதிப் பணம் வாங்கினால் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பெயர், பாலிசி எண், உன் காரின் எண் மூன்றும் உள்ள சான்றிதழைக் கேள். எஃப்.ஓ.வி. என்று போட்டிருந்தால் அது சரக்கின் மதிப்பை வைத்து வாங்கும் கட்டணம். அதை மட்டும் நம்பி இன்ஷூரன்ஸ் இருக்கிறது என்று நினைத்துவிடாதே.

"என் பாலிசியே இருக்கிறதே, எதற்கு இத்தனை கவலை?" என்று நீ கேட்பாய். நியாயமான கேள்வி. நம் நாட்டு மோட்டார் பாலிசியில் சொந்தச் சேதப் பிரிவு இருந்தால், காரை லாரியிலோ ரயிலிலோ ஏற்றிப் போகும்போது நேரும் சேதத்துக்கும் அது பொருந்தும். வெறும் தேர்டு பார்ட்டி பாலிசிக்கு இது கிடையாது. அந்தப் பிரிவு இருந்தாலும் கிளெய்ம் போட்டால் நோ கிளெய்ம் போனஸ் போய்விடும். ஐந்து வருஷம் பொறுமையாகச் சேர்த்த 50 சதவீதத் தள்ளுபடியை, வேறொருவர் உடைத்த பம்பருக்காக விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். அந்தப் பம்பரும் பிளாஸ்டிக் என்பதால், சாதாரண பாலிசியில் தேய்மானமாக அதன் விலையில் பாதியைக் கழித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். ஆகவே உன் பாலிசியைக் கடைசித் தடுப்பாக வைத்துக்கொள்; முதலில் பொறுப்பேற்க வேண்டியவர் ஏற்றிப் போகிறவர்தான்.

நீயே ஓட்டிப் போகலாமே என்றால், சென்னையிலிருந்து ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் என்று வைத்தாலும் பெட்ரோலுக்கே சுமார் 15,000 ரூபாய் ஆகும். டோல்கேட்டும் ராத்திரி தங்கும் செலவும் தனி. வழியெல்லாம் ஊர் பார்க்க ஆசையிருந்தால் தாராளமாக ஓட்டு, பணம் மிச்சமாகும் என்பதற்காக ஓட்டாதே. ரயில் பார்சலில் பைக் அனுப்புவது சுலபம். ஒற்றைக் காருக்கு அந்த வசதி எளிதாகக் கிடைப்பதில்லை.

சேதம் நடக்கும் இடம் பெரும்பாலும் நெடுஞ்சாலை அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். பின்பக்கச் சரிவுப் பலகையில் காரை ஏற்றும்போது தாழ்வான முன்பம்பர் உரசும். மேல்தட்டுக் காரிலிருந்து ஒழுகும் ஆயில் கீழ்த்தட்டுக் காரின் பானெட்டில் சொட்டும். பெரிய டிரெய்லர் உன் தெருவுக்குள் வராது. யார்டிலிருந்து வீட்டுக்குக் காரை யாரோ ஓட்டித்தான் வருவார்கள். அதனால் பகல் வெளிச்சத்தில், காரைக் கழுவித் துடைத்த பிறகு, நாலு பக்கமும் படம் எடு. கிலோமீட்டர் மீட்டரையும் படம் எடுத்து, அந்த எண்ணை ரசீதிலேயே எழுத வை. அங்கே இறக்கும்போது ராத்திரியாக இருந்தால், சுற்றிப் பார்க்காமல் 'நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்துப் போடாதே. கீறலோ நசுங்கலோ இருந்தால் டெலிவரித் தாளில் அங்கேயே எழுதிவிட்டு, தபாலில் நோட்டீஸும் அனுப்பு. நோட்டீஸ் கொடுக்காமல் வழக்குப் போட முடியாது. நோட்டீஸ் கொடுக்கச் சட்டம் தரும் அவகாசம் 180 நாள். கார் கைக்கு வந்த நாளிலிருந்து அல்ல, புக்கிங் செய்த நாளிலிருந்து எண்ண வேண்டும்.

அன்புடன்,
உன் நண்பன்