பழைய சீட்டைக் கிழிக்காதீர்கள்

கல் சேர்க்கத் தொடங்கிய பிள்ளைகள் கருப்பாக ஒரு துண்டை என் உள்ளங்கையில் வைத்து, "தாத்தா, இது என்ன கல்?" என்று கேட்பார்கள். "எங்கே எடுத்தாய்?" என்று நான் திருப்பிக் கேட்டால் முகம் சுருங்கிவிடும். பெயர் தெரிந்துவிட்டால் எல்லாம் தெரிந்துவிட்டது என்ற எண்ணம் அந்த வயதில் இயல்பு. கல் விஷயத்தில் இடம்தான் முதல், பெயர் பிறகுதான். மனிதர் விஷயத்திலும் இது பொருந்தும் என்று எனக்கு உறைத்தது ஜாதவ்பூரில் குடியேறிய பிறகுதான். இங்கே 8பி பேருந்து நிலையத்தைச் சுற்றி நடந்தாலே பல்கலைக்கழகம், இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம், கண்ணாடி-பீங்கான் ஆய்வு நிறுவனம் எல்லாம் அடுத்தடுத்து வரும். கல்லைப் பற்றிப் பேச ஆளுக்குப் பஞ்சமில்லாத பேட்டை இது.

ஆம்பிபோல் என்ற கனிமக் குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பலருக்கும் தெரிந்தது ஹார்ன்பிளெண்ட். கையில் வைத்துப் பார்த்தால் அதுவும் கருப்பு, பைராக்சீனும் கருப்பு, டூர்மலினும் கருப்பு. லென்ஸை எடுத்து உடைந்த முகத்தைப் பார்க்க வேண்டும். ஆம்பிபோலின் இரண்டு பிளவுத் தளங்கள் ஏறக்குறைய 56, 124 பாகைகளில் சந்திக்கும். பைராக்சீனில் அது செங்கோணத்தை ஒட்டியிருக்கும். டூர்மலினில் சொல்லிக்கொள்ளும்படியான பிளவே கிடையாது, நீளவாக்கில் வரிகள் ஓடும். ஆம்பிபோல்தான் என்பது வரை லென்ஸ் கொண்டுபோய் விட்டுவிடும். எந்த ஆம்பிபோல் என்பது அதற்கப்பாற்பட்ட வேலை. அதன் சிலிக்கேட் இரட்டைச் சங்கிலிகளுக்கு நடுவே சோடியம், கால்சியம், மக்னீசியம், இரும்பு, மாங்கனீசு, அலுமினியம், லித்தியம் எனப் பல தனிமங்கள் ஒன்றின் இடத்தில் ஒன்று உட்கார முடியும். எது எந்த இடத்தில் எவ்வளவு என்பதைப் பொறுத்துப் பெயர் மாறும். 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்தால் அந்தக் கருப்பு பச்சையாகவோ பழுப்பாகவோ நீலமாகவோ தெரியும். மேடையைத் திருப்பினால் நிறமும் கூடவே மாறும். முதன்முதலில் அதைப் பார்க்கிற பிள்ளையின் முகத்தைப் பார்ப்பது எனக்கு இன்றும் பெரிய சந்தோஷம்.

மத்தியப் பிரதேசத்தில் ஜாபுவா மாவட்டத்தில் காஜ்லிடோங்கிரி என்றொரு மாங்கனீசுச் சுரங்கம். ஆம்பிபோல் சேகரிப்பவர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே நிமிர்ந்து உட்காரத் தோன்றும். 1902இல் கல்கத்தாவில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்த லூயிஸ் லே ஃபெர்மர் என்ற இளைஞர் நாட்டின் மாங்கனீசுச் சுரங்கங்களை ஒன்றொன்றாகப் பார்த்து, 1909இல் பெரிய நூலாக எழுதி வெளியிட்டார். காஜ்லிடோங்கிரியில் ஹோவர்டு வின்ச் என்பவர் கண்டெடுத்த நீலநிற ஆம்பிபோலுக்கு வின்சைட் என்று பெயர் வைத்தவர் அவரே. தம் துறைத் தலைவர் தாமஸ் ஹாலந்தின் பெயரில் ஹாலண்டைட், வேறொரு ஆம்பிபோலுக்கு ஜட்டைட், சீதாபார் ஊரின் பெயரில் சீதாபாரைட், சக ஊழியர் பெயரில் விரெடன்பர்கைட் என்று அவர் வைத்த பெயர்கள் ஒரு வரிசை.

அந்த வரிசையில் பல பெயர்கள் இன்று இல்லை. விரெடன்பர்கைட் இரண்டு கனிமங்கள் பின்னிக் கிடந்த கலவை என்று பின்னால் தெரிந்தது. சீதாபாரைட்டும் அமெரிக்காவில் 1897இலேயே பெயர் பெற்றிருந்த பிக்ஸ்பைட்டும் ஒன்றே. ஜட்டைட் தனி இனம் இல்லை என்று நீக்கினார்கள். 1938இல் டன், ராய் இருவரும் பாலாகாட் மாவட்டத்துத் திரோடியிலிருந்து விவரித்த திரோடைட் என்ற மாங்கனீசு ஆம்பிபோலும் 1997இல் பட்டியலை விட்டுப் போனது. ஃபெர்மரைக் கௌரவித்து 1910இல் ஸ்மித், பிரையர் என்ற இருவர் சீதாபார்க் கனிமம் ஒன்றுக்கு ஃபெர்மரைட் என்று பெயரிட்டார்கள். 2010இல் அது சேர்ந்த கனிமக் குடும்பத்தின் பெயர்களை ஒழுங்குபடுத்தியபோது அந்தப் பெயரும் போயிற்று.

அத்தனை பெயரும் உதிர்ந்த பிறகு அந்த மனிதர் செய்தது வீணா? இல்லவே இல்லை. எந்த மாவட்டம், எந்தச் சுரங்கம் என்று அவர் தனித்தனியாக எழுதி வைத்திருந்தார். அதனால்தான் முக்கால் நூற்றாண்டு கழித்துத் தனபாதின் நாயக்கும் கிளாஸ்கோவின் பெர்னார்டு லீக்கும் வின்சைட் பிறந்த இடத்துக் கல்லையே மறுபடி ஆராய்ந்து 1981இல் எழுத முடிந்தது. 1992இல் அதே காஜ்லிடோங்கிரியிலிருந்து லித்தியம் கலந்த கருஞ்சிவப்பு ஆம்பிபோல் ஒன்றைப் புதிய கனிமமாக விவரித்து லீக்கைட் என்று பெயர் சூட்டினார்கள். சாதாரணமாகக் கனிமத்தின் சேர்க்கையை அளக்கும் மின்னணுக் கதிர்க் கருவியின் கண்ணுக்கு லித்தியம் படாது. அத்தனை காலமும் கல்லுக்குள் இருந்தது, பார்க்கும் வழிதான் இல்லை. 2012இல் ஆம்பிபோல்கள் அனைத்துக்கும் பெயர் விதிகளைத் திருத்தியபோது அந்த லீக்கைட்டும் ஃபெர்ரி-லீக்கைட் ஆகிவிட்டது. எங்கள் ஜாதவ்பூர்ப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் சுப்ரிய ராய் இந்திய மாங்கனீசுப் படிவுகள் பற்றி 1966இல் ஒரு நூல் எழுதினார். பல்கலைக்கழகமே வெளியிட்டது. அந்த நூலையும் ஃபெர்மரின் நூலையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கும்போது, முன்னால் போனவரைப் பழிக்காமல் திருத்துவது எப்படி என்று எனக்குப் புரிந்தது.

அருங்காட்சியகங்களில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு மாதிரியின் பெயர் மாறினால் பழைய சீட்டைக் கிழித்தெறிய மாட்டார்கள். அதைப் பெட்டியிலேயே வைத்து, மேலே புதிய சீட்டில் புதிய பெயர், தீர்மானித்தவர், தேதி எழுதி வைப்பார்கள். நூறு வருடக் கல்லோடு மூன்று நான்கு சீட்டுகள் இருக்கும். யார் எப்போது எந்தக் கருவியால் பார்த்து என்ன நினைத்தார் என்ற முழுக் கதையும் அங்கே கிடைக்கும்.

நம் வீடுகளிலோ, ஒருவருக்கு இருபது வயதில் ஒட்டிய சீட்டை எழுபது வயதிலும் மாற்றுவதில்லை. என் அண்ணியைப் பற்றி எங்கள் குடும்பத்தில் ஒரே பேச்சுதான் இருந்தது: "கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டாள், திமிர் பிடித்தவள்." பேசினால் குரல் உயரும், கேட்டதற்குப் பதில் வேறெதற்கோ வரும். பெரியவர்கள் சொன்னதைச் சின்னவர்களும் சொன்னார்கள். காது கேட்கிறதா என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. வயதான பிறகு வேறெதற்கோ மருத்துவரிடம் போன இடத்தில்தான், இளம் வயதிலிருந்தே செவித்திறன் குறைந்துகொண்டு வந்திருக்கிறது என்று தெரிந்தது. அன்றைக்குப் பலர் அழுதார்கள். எனக்கு அழுகையை விட அவசியமாகப் பட்டது வேறு. அண்ணியைப் பற்றி முன்னால் என்ன சொன்னோம், ஏன் சொன்னோம், எப்படித் தெரிந்துகொண்டோம் என்பதைப் பேரப்பிள்ளைகளுக்கு வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். "அண்ணி எப்போதும் நல்லவர்தான்" என்று ஒரே நாளில் எல்லாரும் மாற்றிப் பேசிவிட்டால், அடுத்தவருக்கு அதே அநியாயத்தைச் செய்வோம்.

பெயரை மட்டும் நம்பினால் உயிருக்கே கேடு என்பதற்கும் இந்தக் கனிமக் குடும்பத்திலேயே சாட்சி இருக்கிறது. அமெரிக்காவில் மான்டானா மாநிலத்து லிபி என்ற ஊரில் வெர்மிகுலைட் சுரங்கம் ஒன்று 1990 வரை நடந்தது. அந்தத் தாதுவோடு நார்போன்ற ஆம்பிபோலும் கலந்து வந்தது. தூசியைச் சுவாசித்த தொழிலாளர்களும் அவர்கள் குடும்பத்தாரும் நுரையீரல் நோயில் விழுந்தார்கள். அந்த நாரில் பெரும்பங்கு எது தெரியுமா? காஜ்லிடோங்கிரியில் பெயர் பெற்ற அதே வின்சைட். அந்நாட்டுச் சட்டம் ஆஸ்பெஸ்டாஸ் என்று பெயர் சொல்லிக் குறிப்பிட்ட ஆறு வகைகளில் வின்சைட் இல்லை. பட்டியலில் பெயர் இல்லை என்பதற்காக நுரையீரல் அதை மன்னித்துவிடவில்லை. 2009இல் அங்கே பொதுச் சுகாதார அவசரநிலை அறிவிக்க வேண்டியதாயிற்று. கல் சேர்க்கும் பிள்ளைகளே, கருப்போ நீலமோ பச்சையோ, நார் நாராகப் பிரிகிற ஆம்பிபோலைச் சுரண்டவோ உடைக்கவோ கூடாது. மூடிய பெட்டிக்குள் வைத்து, வெளியே எச்சரிக்கை எழுதுங்கள். கெட்டிப் படிகமாக இருப்பதை வைத்துக்கொள்ளலாம், பயமில்லை.

கல்கத்தாவிலிருந்து இன்னொரு செய்தி. இந்த நகரை நிறுவியவர் என்று நெடுங்காலம் சொல்லப்பட்ட ஜாப் சார்னக்கின் கல்லறை செயின்ட் ஜான் தேவாலய வளாகத்தில் இருக்கிறது. மேலே உள்ள கருங்கல் பலகை நம் சென்னைப் பக்கத்துப் பாறை, பல்லாவரம், பரங்கிமலையில் கிடைக்கிற வகை. 1893இல் அதை ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து அந்தப் பாறைக்குச் சார்னக்கைட் என்று பெயர் வைத்தார். அதனுள்ளும் பல இடங்களில் கரிய ஹார்ன்பிளெண்ட் இருக்கும். 2003இல் கல்கத்தா உயர் நீதிமன்றம், சார்னக்கை அப்படிச் சொல்லக் கூடாது என்று தீர்ப்பளித்தது. மனிதருக்கு இருந்த பட்டம் போயிற்று, பாறையின் பெயர் உலகம் முழுக்க நிற்கிறது. பரங்கிமலைப் பாறை இன்று தேசிய நிலவியல் நினைவுச் சின்னம். தமிழ்ப் பிள்ளைகள் கல்கத்தா வந்தால் விக்டோரியா மண்டபத்தோடு திரும்பிவிடாமல் அந்தப் பலகையையும் ஒரு முறை பாருங்கள். நம் ஊர்க் கல் முந்நூறு வருடமாக இங்கே கிடக்கிறது.

விலையைப் பற்றியும் ஒரு சொல். "அரிய ஆம்பிபோல், ஐயா, கிடைக்காத சரக்கு" என்று யாராவது பளபளக்கும் கருந்துண்டை நீட்டினால் அவரிடம் சுரங்கத்தின் பெயரைக் கேளுங்கள். "மத்தியப் பிரதேசம் பக்கம்" என்றால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். சீட்டில்லாத அரிய கல்லை விட, சுரங்கமும் வருடமும் எடுத்தவர் பெயரும் எழுதிய சாதாரண ஹார்ன்பிளெண்ட் என் கண்ணுக்கு உயர்ந்தது. கருவிகள் மேம்பட்டுக்கொண்டே போகும். 1928இல் கல்கத்தாவின் பௌபஜாரில் சி. வி. ராமனும், வத்திராயிருப்புக்காரரான கிருஷ்ணனும் கண்ட ஒளிச்சிதறலை வைத்து இன்று கனிமத்தைத் தொடாமலே இனம் காண்கிறார்கள். அவர்கள் உழைத்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம்தான் பிற்பாடு எங்கள் ஜாதவ்பூருக்கு வந்து சேர்ந்தது. என்ன கனிமம் என்பதை நாளைய கருவி சொல்லிவிடும். எங்கிருந்து வந்தது என்பதை எடுத்தவர் வாய்திறந்து சொன்னால்தான் உண்டு.

ஆகவே எழுதி வையுங்கள். இந்த ஊர் மழைக்காலத்தில் காகிதம் பூஞ்சை பிடிக்கும், பேனா மை பரவும். பென்சில் நிற்கும். கல்லின் ஓர் ஓரத்தில் வெள்ளைப் பூச்சு ஒரு பொட்டு வைத்து எண் போட்டு, அதே எண்ணை நோட்டிலும் எழுதுங்கள். சீட்டு தொலைந்தாலும் கல் அனாதையாகாது. தெரியாததை ஊகித்து நிரப்பாதீர்கள். அந்த இடத்தைக் காலியாக விடுவது மரியாதை.

கல்லோடு நிறுத்தவும் வேண்டாம். எங்கள் வீட்டுப் பழைய புகைப்படங்களில் இருப்பவர்கள் யார், எந்த ஊர்க் கல்யாணம், எந்த வருடம் என்று தெரிந்தவர் இன்று குடும்பத்தில் அண்ணி ஒருவர்தான். இப்போது காதுக்கருவி வைத்திருக்கிறார். எதிரே உட்கார்ந்து முகம் பார்த்து நிதானமாகக் கேட்டால், ஊர், தெரு, மாப்பிள்ளை வீட்டார் முதற்கொண்டு சொல்கிறார். பேத்தி ஒவ்வொரு படத்தின் பின்புறமும் பென்சிலால் எழுதுகிறாள், கீழே "சொன்னவர்: பெரிய பாட்டி" என்று தேதியும் போடுகிறாள். தஞ்சாவூரில் எடுத்த படங்கள் முடிந்துவிட்டன. கல்கத்தாப் பெட்டி இன்னும் பாக்கி இருக்கிறது.