கட்டு பிரிச்சாச்சு... பயம்?

ஓடுற பஸ்ஸிலிருந்து ஸ்டைலா இறங்குற பார்ட்டியா நீங்க? போன செமஸ்டர் வரைக்கும் நானும் அப்படித்தான். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒருநாள் கால் மடங்கி, கணுக்காலில் விரிசல். ஆறு வாரம் மாவுக்கட்டு!

கட்டைப் பிரித்த அன்று ஹீரோ மாதிரி எழுந்தேன். ம்ஹூம், கணுக்கால் அசையவே இல்லை. கெண்டைக்கால் சதை இளைத்துப் போயிருந்தது. எங்க ஊர் லால்குடியிலேயே ஒரு பிசியோதெரபிஸ்ட் அக்காவிடம் போனேன்.

காலைத் தொட்டதுமே, ''வலிக்குதுக்கா!'' என்று இழுத்துக்கொண்டேன்.

''கட்டு பிரிச்சாச்சு தம்பி. நீதான் இன்னும் கட்டிக்கிட்டு இருக்கே'' என்றார் அக்கா. ''எலும்பு கூட அசையாம வைக்கணும். ஆனா, அப்படியே விட்டா மூட்டு இறுகிடும், தசை சுருங்கிடும். வேலை குடுத்தாதான் திரும்ப வரும்.''

பக்கவாதம் வந்த தாத்தாவுக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட் மறுபடி டம்ளர் பிடிக்கக் கற்றுக்கொடுத்ததைப் பார்த்துதான் அக்கா இந்தப் படிப்புக்கு வந்தாராம். ''உடம்பை வில்லா வளைக்கிறது பெருசில்ல. இருக்கிறதை வெச்சு அடுத்த வேலையைப் பழகுறதுதான் பெருசு'' என்றவர், வேலூர் சி.எம்.சி. கதையைச் சொன்னார்.

தொழுநோயில் நரம்பு பாதித்து விரல்கள் மடங்கிப் போனவர்களுக்கு, 1940-களின் கடைசியில் அங்கே ஆபரேஷன் செய்யத் தொடங்கியவர் டாக்டர் பால் பிராண்ட். நல்லா இருக்கிற ஒரு தசைநாணை எடுத்து விரலுக்கு ரூட் மாற்றிவிடுவார்கள். அதோடு முடியாது. ரூட் மாறிய தசைக்குப் புது வேலையைப் பயிற்சியில்தான் பழக்கணும். அதே ஆபரேஷன்களை வீல்சேரில் உட்கார்ந்தே செய்தவர் டாக்டர் மேரி வர்கீஸ். 1954-ல் சாலை விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, கால்கள் செயலிழந்தவர். 1966-ல் வேலூரில் மறுவாழ்வு மையம் உருவாகக் காரணமானவரும் அவர்தான். 1972-ல் பத்மஸ்ரீ!

அதற்கப்புறம் நான் வாயே திறக்கலை.

சுவரைப் பார்த்து நின்று, குதிகாலைத் தூக்காமல் முட்டியால் சுவரைத் தொடணும். இதுதான் ஹோம்வொர்க். முதல் நாள் கால் கட்டைவிரலைச் சுவரோடு ஒட்டி வைத்தும் முட்டி தொடலை. இப்போ நாலு விரல் தள்ளி நின்றாலே தொடுது. இன்ஜினீயரிங் பையன் அளக்காம இருப்பேனா?

ஆனாலும் பஸ் படியில் நல்ல காலைத்தான் முதலில் வைப்பேன். போன வாரம் அவசரத்தில் அடிபட்ட காலை வைத்து ஏறிவிட்டேன். சீட்டில் உட்கார்ந்த பிறகுதான் அதுவே தெரிஞ்சது!

நீங்க எந்தக் கட்டை இன்னும் பிரிக்காம வெச்சிருக்கீங்க, பாஸ்?