நகரும் விண்மீன்

அந்தி மங்கி, விளக்கேற்றும் நேரம் கடந்தபின், விண்மீன்களுக்கிடையே ஒன்று மட்டும் நடந்து செல்வதைக் கண்டதுண்டா? அதுவே செயற்கைக்கோள். வானூர்தியாயின் சிவப்பும் பச்சையுமாய் விளக்குகள் தெரியும். எரிமீனாயின் நொடியில் மறையும். இதுவோ ஓசையின்றி ஒரே சீராய்ச் செல்லும். இதற்கென ஒளியில்லை. நமக்கு ஞாயிறு மறைந்தபின்னும், உயரத்தே செல்லும் இதன்மேல் கதிர் படுகிறது, அதனையே காண்கிறோம். ஆகவே அந்திக்குப் பின்னும் விடியலுக்கு முன்னுமே இது நன்கு புலப்படும். நிலவுலகின் நிழலுள் புகுந்தால் நடுவானிலேயே மறைந்துவிடும்.

1957 அக்டோபர் 4-ஆம் நாள் சோவியத் நாடு ஸ்புட்னிக்கை ஏவியபோது உலகமே அண்ணாந்து பார்த்தது. அதன் குறுக்களவு 58 சென்டிமீட்டரே. அன்று பலர் கண்டது, அதனை ஏற்றிச் சென்று தானும் உலகைச் சுற்றிவந்த ராக்கெட்டின் உடலையே. இன்றோ, 1998-இல் கட்டத் தொடங்கிய பன்னாட்டு விண்வெளி நிலையம், ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில், சுமார் 90 நிமிடங்களுக்கு ஒருமுறை உலகை வலம் வருகிறது. மும்பையின் விளக்கொளியையும் வெல்லும் ஒளி அதற்குண்டு. மழைக்கால முகில்களே அதனை மறைக்க வல்லன.

சில நாள்களில் அது வடமேற்கே தோன்றித் தென்கிழக்கே செல்லும். மும்பைக்கு நேர்மேலே வருமாயின், அடுத்த இரண்டரை நிமிடத்தில் திருச்சிராப்பள்ளியை நெருங்கிவிடும். இரயிலில் நமக்கு ஒரு நாளுக்கு மேலாகும் வழி! இடைவழியில் இரண்டு ஊரார்க்கும் ஒருசேரத் தெரியும். நமக்குத் தென்கிழக்கில், அவர்களுக்கு வடமேற்கில்.

முதுமையால் பயணம் செய்ய இயலாத எங்கள் அன்னையார் திருச்சியில் இருக்கிறார். மும்பையில் பிறந்த பேரனோடு தொலைபேசியில், "சாப்பிட்டியா? படிக்கிறியா?" என்பதற்கு மேல் பேச்சு நீண்டதில்லை. நிலையம் வரும் நாளைக் குறித்துக்கொண்டு ஒரு மாலை மொட்டை மாடியில் நின்றோம்.

"பாட்டி, உங்க பக்கம் வருது!"

"வந்துடுச்சுடா கண்ணு, வேப்பமரத்துக்கு மேலே!"

"எந்த வேப்பமரம், பாட்டி?"

அவன் தாத்தா நட்ட மரம். யார் நட்டார், எப்போது நட்டார், அதன்கீழ் யார் யார் விளையாடினர் என்று கேள்விகள் தொடர்ந்தன. ஒளி மறைந்து வெகுநேரமாகியும் உரையாடல் ஓயவில்லை. சொந்த ஊரைப் பற்றி அவன் தானாகக் கேட்டது அன்றுதான்.

நிலையம் வரும் நாளும் நேரமும் முன்னதாகவே கணித்து வெளியிடப்படுகின்றன. அதற்கும் ஆயுள் உண்டு; பணி முடிந்தபின் கடலில் இறக்கத் திட்டமிட்டுள்ளனர். ஊரில் இருக்கும் நம் மூத்தோரும் என்றும் இருப்பவரல்லர். அன்பர்களே, இரண்டும் இருக்கும்போதே ஒரு மாலை அவர்களை அழையுங்கள். சேர்ந்து அண்ணாந்து பாருங்கள்.