மூன்று விளக்குகள்

விளக்கு எடுத்துப்போகக் கூடாது என்று விதியுள்ள ஓர் இடத்தில்தான் நான் விளக்குகளைப் பற்றித் தெரிந்துகொண்டேன்.

வட ஃப்ளாரிடாவில் ஹை ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில், ஸான்டா ஃபே ஆற்றின் கரையில் இருக்கிறது ஜின்னி ஸ்பிரிங்ஸ். சுண்ணாம்புப் பாறைக்கு அடியிலிருந்து நீர், வருஷம் முழுவதும் 22 டிகிரியில், கோடை குளிர் என்ற பேதமில்லாமல் வெளியே வந்துகொண்டிருக்கிறது. அது வெளிவரும் வாய்களில் இரண்டுக்கு சாத்தானின் கண், சாத்தானின் காது என்று பெயர். அந்த வாய்களுக்குள் நீர் நிரம்பிய குகை. நான் போய்வந்த நாட்களில் குகைப் பயிற்சி பெறாத டைவர்களும் அந்த வாய்கள் வரை நீந்தலாம். ஆனால் கையில் விளக்கு இருக்கக் கூடாது.

முதலில் எனக்கு இது விபரீதமாகப் பட்டது. ஆபத்தான இடத்தில் வெளிச்சத்தைப் பிடுங்கிக்கொள்வதா? யோசித்தபோது புரிந்தது. விளக்கில்லாதவன் இருட்டின் விளிம்பு வந்ததும் தானாகவே திரும்பிவிடுவான். விளக்குள்ளவன் இன்னும் பத்தடி போவான். பத்தடி தள்ளி ஒரு வளைவு இருக்கும். வளைவுக்கப்பால் என்ன என்று பார்ப்பான். குகையில் செத்தவர்களில் பலர் இருட்டுக்கு பயப்படாதவர்கள். அவர்களுக்கு அந்தத் தைரியத்தைக் கொடுத்தது கையிலிருந்த விளக்குதான்.

ஒளி, இருள் என்ற சொற்களை நாம் எவ்வளவு சுலபமாகப் புழங்குகிறோம் என்பது எனக்கு அங்கேதான் உறைத்தது. நம் கவிதைகளில் ஒளி வந்தால் அது உண்மை, ஞானம், விடுதலை. அதற்கு எடையில்லை, விலையில்லை, எத்தனை மணி நேரம் எரியும் என்ற கேள்வியில்லை. குகைக்குள் போகிறவனுக்கு ஒளி என்பது பாட்டரி, ஒரு ரப்பர் வளையம், ஒரு ஸ்விட்ச். அது எங்கே, எப்படி, எந்த நிமிஷத்தில் அணையும் என்பதுதான் அதைப் பற்றிய முதல் விஷயம்.

ஆளுக்கு மூன்று விளக்குகள் வேண்டும் என்பது குகை டைவர்களின் விதி. ஒன்று பிரதான விளக்கு, இரண்டு மாற்று விளக்குகள். இந்த விதிகளுக்குப் பின்னால் ஷெக் எக்ஸ்லி என்ற ஃப்ளாரிடாக்காரர் இருக்கிறார். கணித ஆசிரியர். குகை விபத்துகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, எதை மீறியதால் செத்தார்கள் என்று பகுத்து 1979இல் ஒரு சிறு புத்தகம் போட்டார். வெளிநீர் வரைக்கும் அறுபடாத கயிறு இருக்க வேண்டும். காற்றில் மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு வருவதற்கு, ஒரு பங்கு தொடாமல் வைத்திருப்பதற்கு. தகுதிக்கு மேற்பட்ட ஆழம் கூடாது. பயிற்சியும் மூன்று விளக்குகளும் இந்தப் பட்டியலில் பிற்பாடு சேர்ந்துகொண்டன. எக்ஸ்லி 1994இல் மெக்ஸிகோவில் ஸகடோன் என்ற நீர்க்கிணற்றில், யாரும் போகாத ஆழத்துக்கு இறங்குகையில் இறந்தார். விதிகளை வகுத்தவனுக்கு விதிவிலக்கு இல்லை என்பதைத் தவிர இதில் நான் வேறு அர்த்தம் தேடவில்லை.

பிரதான விளக்கைத் தேர்ந்தெடுப்பது சந்தோஷமான காரியம். இடுப்பில் பாட்டரி வைத்த உருளை, அதிலிருந்து ஒரு ஒயர், ஒயரின் முனையில் புறங்கைமேல் உட்காரும் விளக்குத் தலை. முன்பு ஹாலோஜன் பல்பு, பிறகு எச்.ஐ.டி., இப்போது எல்.ஈ.டி. கடைக்காரர்கள் லூமன் கணக்கைச் சொல்வார்கள். அது மொத்த வெளிச்சத்தின் அளவு. அந்த வெளிச்சம் எங்கே போகிறது என்பதைச் சொல்லாது. எனக்குப் பாடம் சொன்னவர் லூமனைப் பார்க்காதே, கற்றையைப் பார் என்றார். அகலமான கற்றை படமெடுக்கிறவர்களுக்கு. நீரில் வண்டல் மிதந்தால் அது ஒவ்வொரு தூசியிலும் பட்டுத் திரும்பி உன் கண்ணையே கூசவைக்கும். குறுகிய கற்றை குச்சிபோல் நேராகப் போகும்.

இன்னொரு காரணமும் உண்டு. நீருக்கடியில் விளக்குதான் பேச்சு. சுவரில் மெதுவாக ஒரு வட்டம் போட்டால் சௌக்கியமா என்று கேள்வி. பதில் வட்டம் வந்தால் சௌக்கியம். வேகமாகப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆபத்து. இவ்வளவுதான் அகராதி. முன்னால் போகிறவன் திரும்பிப் பார்ப்பதில்லை. பின்னால் வருகிறவனுடைய வட்டம் தன் பார்வையின் ஓரத்தில் தரைமீது ஊர்ந்துகொண்டிருக்கிற வரை அவன் இருக்கிறான். பார்ப்பதற்காக வாங்கிய விளக்கு, உண்மையில் பார்க்கப்படுவதற்காகவும்தான்.

மாற்று விளக்கைத் தேர்ந்தெடுப்பதில் சந்தோஷம் எதுவுமில்லை. விரல் பருமனைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு டார்ச். தோள் வாரில் தொங்கும், ரப்பர் வளையத்துக்குள் செருகியிருக்கும், உபயோகப்படாமலே இருக்கும். அதற்குச் சொல்லப்படும் யோக்யதாம்சங்கள் எல்லாம் எளிமையைச் சேர்ந்தவை. ஒயர் கூடாது. பல பொத்தான்கள், பல வேகங்கள் கூடாது. தலையைத் திருகினால் எரிய வேண்டும். கையுறை போட்ட ஒரே கையால் திருக முடிய வேண்டும். சார்ஜ் செய்கிற பாட்டரியைவிட, தூக்கியெறிகிற சாதாரண ஆல்கலைன் பாட்டரி மேல் என்றார்கள். முன்னதில் பல வகைகள் கடைசிவரை முழுசாக எரிந்துவிட்டுத் திடீரென்று அணைந்துவிடும். பின்னது மங்கி, மங்கி, மஞ்சளாகி, நேரம் கொடுத்துவிட்டுச் சாகும். மங்கல் ஒரு எச்சரிக்கை. ஒவ்வொரு மாற்று விளக்கும் தனியாகவே ஆளை வெளியே கொண்டுவரும் நேரம் வரை எரிய வேண்டும். அதன் வேலை குகையைக் காட்டுவது இல்லை. கயிற்றைக் காட்டினால் போதும்.

மூன்று ஏன் என்பதற்குக் கணக்கு சுலபம். ஒரு விளக்கு நூற்றில் ஒருமுறை கைவிடும் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டும் சேர்ந்து கைவிடுவது பத்தாயிரத்தில் ஒருமுறை. மூன்றும் கைவிடுவது பத்து லட்சத்தில் ஒருமுறை. இந்தக் கணக்கு எனக்கு ரொம்ப ஆறுதலாக இருந்தது. கிட்டத்தட்ட இரண்டு வருஷம் இந்த ஆறுதலில் நீந்தினேன்.

என்னோடு நீந்துகிறவர் ஓய்வுபெற்ற தச்சர். என்னைவிட இருபத்தைந்து வயது மூத்தவர். ஹாலோஜன் காலத்திலிருந்து குகைக்குள் போய்வருகிறவர். அதிகம் பேசமாட்டார். ஒரு சனிக்கிழமை காலை அவரும் நானும் ஜின்னியில் இறங்கினோம். எனக்கு இரண்டு மணி நேரக் கார்ப் பயணம். அனுமதிச் சீட்டு, சிலிண்டர்கள் எல்லாவற்றுக்கும் பணம் கொடுத்தாகிவிட்டது. படிக்கட்டருகே இடுப்பளவு நீரில் நின்று ஒவ்வொரு சாதனமாகச் சரிபார்த்தோம். விளக்குகளின் முறை வந்தது. பிரதான விளக்கு எரிந்தது. முதல் மாற்று விளக்கு எரிந்தது. இரண்டாவதைத் திருகினேன். எரியவில்லை. மறுபடியும் திருகினேன். உச்சி வெயில். அந்த வெயிலில் விளக்கு எரிகிறதா இல்லையா என்று ஒரு கஜத்துக்கு அப்பால் நிற்பவருக்குத் தெரியாது. அவர் தன் முகமூடியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“மூன்றும் சரி” என்றேன்.

இதை ஒரு பொய் என்று அப்போது நான் நினைக்கவில்லை. இரண்டு எரிகிறதே என்று நினைத்தேன். பத்தாயிரத்தில் ஒன்று என்று நினைத்திருக்கவும் கூடும்.

காது வழியாக இறங்கினோம். அங்கே நீர் முகத்தில் மோதித் தள்ளும். பாறையைப் பிடித்து இழுத்து இழுத்துத்தான் முன்னேற வேண்டும். எங்கள் கயிற்றை நிரந்தரக் கயிற்றோடு இணைத்துவிட்டு உள்ளே போனோம். நான் முன்னால், அவர் பின்னால். வெள்ளைச் சுவர்கள், கண்ணாடி மாதிரி நீர். சாவித் துவாரம் என்று பெயர் வைத்திருக்கும் இடுக்கைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போயிருப்போம். என் இடப்பக்கம் தரையில் கூடவே வந்துகொண்டிருந்த வட்டம் இல்லை.

திரும்பினேன். இருட்டிலிருந்து ஒரு சிறிய மங்கலான வெளிச்சம் முளைத்தது. அவர் மாற்று விளக்கை எடுத்துவிட்டிருந்தார். பதட்டம் எதுவுமில்லை. கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். முடிந்தது, வெளியே போகலாம் என்று அர்த்தம். ஒரு விளக்கு போனால் அன்றைய நீச்சல் முடிந்துபோயிற்று, விவாதம் கிடையாது. பலவீனமான விளக்குள்ளவர் முன்னால் போக வேண்டும், நல்ல விளக்குள்ளவன் பின்னாலிருந்து வெளிச்சம் காட்ட வேண்டும். அப்படியே திரும்பினோம்.

வெளியே வரும்போது நீரே தள்ளிக்கொண்டு வரும். உழைப்பில்லை. எண்ணுவதற்கு நேரம் இருந்தது. ஆறு விளக்குகளில் ஒன்று போய்விட்டது, ஐந்து இருக்கிறது என்று முன்னால் போகிறவர் நினைத்துக்கொண்டிருந்தார். நான்குதான் என்பது எனக்கு மட்டும் தெரியும். நான்கு விளக்குகள் போதும்தான். ஆனால் அந்தக் கணக்கு அவர் போட்ட கணக்கில்லை. உள்ளே போகலாமா என்று அவர் தீர்மானித்தது நான் கொடுத்த எண்ணை வைத்து. அவருடைய சின்ன வெளிச்சம் கயிற்றைத் தொட்டுக்கொண்டே போயிற்று. கயிற்றில் அம்புக்குறிகள் உண்டு, வெளியே போகும் திசையைக் காட்டி. எல்லா விளக்கும் போனால் விரலால் தடவியே திசை தெரிந்துகொள்ளலாம். ஒவ்வொரு அம்பையும் நான் அன்றைக்குத் தொட்டுக்கொண்டு வந்தேன்.

ஒன்றும் நடக்கவில்லை. காதுக்கு மேலே பச்சை வெளிச்சம் தெரிந்தது. மேலே வந்தோம்.

கரையில் வைத்துச் சொன்னேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அந்த விளக்கைக் கேட்டு வாங்கித் துடைத்துத் திறந்தார். உள்ளே பாட்டரிகள் கசிந்து வெள்ளையாகப் பூத்துப்போயிருந்தன. சிறுவயதில் வீட்டு அலமாரியிலிருந்த எவரெடி டார்ச்சை, கரண்ட் போன ஒரு ராத்திரி அவசரமாகத் திறந்தபோது பார்த்த அதே பூஞ்சை. வருஷக்கணக்காக யாரும் தொடாததால் அது பத்திரமாக இருக்கிறது என்று வீட்டில் எல்லோரும் நம்பியிருந்தோம்.

“மற்றதைக் காட்டு” என்றார். காலையில் எரிந்த மாற்று விளக்கைத் திறந்தார். அதிலும் ஒரு பாட்டரியின் அடியில் வெள்ளை அரும்பியிருந்தது. இரண்டுக்கும் ஒரே பெட்டியில் வாங்கிய பாட்டரிகள், ஒரே நாளில் போட்டவை, ஒரே ஆள் மறந்தவை.

என் கணக்கின் பிழை அப்போதுதான் விளங்கிற்று. நூற்றில் ஒன்றை நூற்றில் ஒன்றோடு பெருக்குவதற்கு ஒரு நிபந்தனை உண்டு: ஒன்று கெடுவதற்கும் மற்றது கெடுவதற்கும் சம்பந்தம் இருக்கக் கூடாது. என் விளக்குகளுக்கிடையே சம்பந்தம் இருந்தது. அது நான். ஒரே அசிரத்தை பராமரிக்கும் மூன்று விளக்குகள் மூன்று விளக்குகள் ஆகா. இதை விளக்குகளோடு நிறுத்திக்கொள்ள எனக்கு முடியவில்லை. ஒரு புத்தகம் நன்றாயிருக்கிறது என்று மூன்று பேர் எழுதினால் மூன்று சாட்சி என்று எண்ணிக்கொள்கிறோம். மூவரும் ஒரே அறையில் உட்கார்ந்து, ஒருவருக்கொருவர் தலையாட்டி வந்தவர்கள் என்றால் சாட்சி ஒன்றுதான். நம் வட்டம் எவ்வளவு சிறியது என்பது இதைப் படிப்பவர்களுக்குத் தெரியும்.

இப்போது என் இரண்டு மாற்று விளக்குகளும் வேறு வேறு தயாரிப்பு. பாட்டரிகள் வேறு வேறு கடையில் வாங்கியவை, வேறு வேறு மாதத்தில் மாற்றுபவை. போட்ட தேதியை ஒரு துண்டு டேப்பில் எழுதி விளக்கின்மேல் ஒட்டிவைக்கிறேன். வீட்டில் இருட்டறையில் எரியவிட்டுப் பார்க்கிறேன். எது உசத்தியான விளக்கு என்று யாராவது கேட்டால், எதைத் திறந்து பார்க்க உனக்கு சலிப்பு வராதோ அது என்று சொல்கிறேன். கேட்பவர்களுக்கு இது திருப்தியாக இருப்பதில்லை. லூமன் எவ்வளவு என்று மறுபடி கேட்கிறார்கள்.

தச்சர் என்னோடு நீந்துவதை நிறுத்திவிடவில்லை. அடுத்த மாதமே கூப்பிட்டார். அதே படிக்கட்டு, அதே இடுப்பளவு நீர், அதே வெயில். விளக்குகளின் முறை வந்தபோது எல்லாம் சரியா என்று அவர் கேட்கவில்லை. உள்ளங்கையைக் குழித்து, நிழல் செய்து, என் முன்னால் நீட்டினார். நான் ஒவ்வொன்றாகத் திருகி அந்தக் கைக்குள் காட்டினேன். தழும்பேறிய கை. வெளிச்சம் அதில் விழுவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அடுத்ததற்குத் தலையசைத்தார். மூன்று முறை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். முன்பெல்லாம் என் வார்த்தையே அவருக்குப் போதுமானதாக இருந்தது.