அன்னாள் தைத்த சிறிய சட்டைகள்



1 சாமுவேல் 2-ஆம் அதிகாரத்தில் அன்னாளைக் குறித்து ஒரு சிறு குறிப்பு உண்டு. ஆலயப் பணிக்கென்று சீலோவில் விட்டுவந்த தன் மகனுக்கு அவள் ஆண்டுதோறும் ஒரு சிறிய சட்டை தைப்பாள். பலி செலுத்தக் கணவனோடு வரும்போது அதைக் கொண்டுவந்து கொடுப்பாள். அன்னாளின் ஜெபத்தைப் பற்றி எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டிருக்கிறோம். அவளுடைய தையலைப் பற்றி ஒருவரும் அதிகம் பேசுவதில்லை. வளருகிற பிள்ளைதானே என்று ஐந்து ஆண்டுகளுக்குப் போதுமான பெரிய அங்கி ஒன்றைத் தைத்துக் கொடுத்திருந்தால் துணியும் உழைப்பும் மிச்சமாகியிருக்கும். அவள் அந்த ஆண்டின் உடலுக்கு அந்த ஆண்டின் ஆடையைத் தைத்தாள்.

சாமுவேலின் உடல் வளர்ந்தது. நம்மில் சிலருடைய உடல் இப்பொழுது குறைந்துவருகிறது. சர்க்கரை நோயின் நிமித்தம் மருத்துவர் சொன்னபடி நடந்ததில், 14 மாதங்களில் என் எடை 98 கிலோவிலிருந்து 75 கிலோவுக்கு இறங்கியிருக்கிறது. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். ஆனால் உடல் சுகமடைய அடைய, உடை தொளதொளவென்று தொங்கி, பார்க்கிறவர்களுக்கு நாம் நோயாளியாகிவிடுகிறோம். "ஐயா, உடம்புக்கு என்ன?" என்று அன்போடு கேட்காதவர்கள் நம் சபையில் குறைவு.

எனக்கு அது சிரிப்போடு போயிற்று. ஏறக்குறைய 20 கிலோ குறைந்த ஒரு சகோதரிக்கோ அப்படிப் போகவில்லை. அவர் நான்கு வாரங்கள் ஆராதனைக்கு வரவில்லை. நானும் என் துணைவியாரும் சந்திக்கச் சென்றபோது, தயக்கத்தோடு சொன்னார்: "போட்டுக்கொண்டு வர ஒன்றும் இல்லை, ஐயா. ரவிக்கை எல்லாம் தோளிலிருந்து நழுவுகிறது. புதிதாகத் தைத்தால் இரண்டு மாதத்தில் அதுவும் பெரிதாகிவிடும். எடை ஒரு நிலைக்கு வரட்டும், அதுவரை வீட்டிலிருந்தே ஜெபித்துக்கொள்கிறேன்." அவர் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். 'ஒரு நிலைக்கு வரட்டும்' என்ற வார்த்தை என்னை விட்டு அகலவில்லை. இன்றைய உடலோடு ஆண்டவருடைய சந்நிதிக்கு வர இயலாமல், இனி வரப்போகிற உடலுக்காக அவர் வீட்டில் காத்திருந்தார்.

அன்று உதவியவர் என் துணைவியார். புடவைக்கு அளவில்லை, ரவிக்கைதான் சிக்கல். அதையும் பக்கத் தையலில் உள்ளே பிடித்துக்கொள்ளலாம். தோள்தான் எளிதில் வசப்படாது. அதற்குப் பின்கழுத்தில் ஒரு நாடா வைத்துக் கட்டினால் நழுவுவது நிற்கும். எல்லாப் புடவைக்கும் ரவிக்கை மாற்ற வேண்டியதில்லை. கறுப்பில் ஒன்று, சந்தன நிறத்தில் ஒன்று புதிதாகத் தைத்தால் அலமாரியிலுள்ள பெரும்பாலான புடவைகளுக்கு அவை பொருந்தும். இவை அனைத்தும் அரைமணி நேரத்தில் பேசி முடிந்தன. எனக்கு அங்கே ஜெபிப்பதைத் தவிர வேலை இருக்கவில்லை.

ஆண்களின் காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். வேட்டி கட்டுகிறவனுக்குக் கவலையில்லை. ஆராதனை அங்கியையும் இடைக்கச்சை காப்பாற்றிவிடும். கால்சட்டையின் இடுப்பை இரண்டு அங்குலம் வரை நன்றாகப் பிடிக்கலாம். அதற்குமேல் பிடித்தால் பின்பைகள் இரண்டும் ஒன்றையொன்று நெருங்கி, பார்க்க அழகாயிராது. சட்டையின் பக்கங்களைக் குறைப்பது சுலபம். தோள் இறங்கிவிட்ட சட்டையைச் சரிசெய்ய வேண்டுமானால் கையைப் பிரித்துத் தைக்க வேண்டும்; பழைய சட்டைக்கு அந்தச் செலவு தகாது. ஆகவே எதைத் திருத்தலாம், எதைக் கொடுத்துவிடலாம் என்பதைத் தோள் பார்த்துத் தீர்மானியுங்கள். வாரின் புதிய துளைகளைச் செருப்புத் தைக்கும் சகோதரர் நொடியில் போட்டுத் தருவார். எடை இன்னும் இறங்குகிற மாதங்களில் இரண்டு கால்சட்டையும் மூன்று சட்டையும் போதும். ஆடித் தள்ளுபடியில், இனி அடையப்போகிற அளவுக்கென்று முன்கூட்டியே வாங்கிக் குவிப்பதை நான் ஆலோசனையாகச் சொல்லமாட்டேன். மறுநாளுக்கென்று எடுத்துவைத்த மன்னாவுக்கு நேர்ந்ததை யாத்திராகமம் 16-இல் வாசியுங்கள்.

பழைய பெரிய ஆடைகளை உடனே எறிந்துவிடுவதே விசுவாசம் என்று சிலர் போதிக்கிறார்கள். நான் அப்படி எண்ணுகிறதில்லை. குறைந்த எடை திரும்பவும் ஏறுவது பலருக்கு நேர்கிறது. அப்படி நேர்ந்தவர்களை அவிசுவாசிகளாக்கிவிடுவது மேய்ப்பனுக்கு அழகல்ல. எங்கள் தெருத் தையற்காரர் என் கால்சட்டையைக் கையில் எடுத்தபோது, "மிச்சத் துணியை வெட்டிவிடட்டுமா, உள்ளே மடக்கி வைக்கட்டுமா?" என்று கேட்டார். மடக்கியே வைக்கச் சொன்னேன். வெளியே இன்றைய அளவு, உள்ளே ஓர் அங்குலம் இரக்கம். மகனை ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே கண்ட அன்னாளும் அளவை ஊகித்துத்தான் தைத்திருப்பாள்; அவளும் கொஞ்சம் மடக்கி வைத்திருப்பாள் என்றே தோன்றுகிறது.

இன்னொன்று. சவுலின் கவசம் பெரிதாயிருந்ததால் தாவீது அதைக் கழற்றினான் என்று நாம் பிரசங்கிப்பதுண்டு. வேதம் சொல்லுகிற காரணம் அளவல்ல. அவனுக்கு அது பழக்கமில்லை. எடை குறைந்தவர்களுக்கும் அப்படியே. சரியான அளவுச் சட்டை முதல் சில நாள் இறுக்கமாகத் தோன்றும். கண்ணாடியில் நிற்பவர் வேறு யாரோ போலிருப்பார். பழகுவதற்கு அவகாசம் கொடுங்கள். பார்க்கிற நாமும் "என்ன வியாதி?" என்று கேட்பதை நிறுத்திக்கொள்வோம்.

கொடுத்துவிட வேண்டியவற்றைத் துவைத்து, பொத்தான் சரிபார்த்து, இஸ்திரி போட்டுக் கொடுங்கள். இரண்டு அங்கி உள்ளவனைக் குறித்து யோவான் ஸ்நானன் சொன்னது (லூக்கா 3:11) கிழிந்த அங்கியைப் பற்றியதல்ல. என்னுடைய 44 அளவுச் சட்டைகளில் இரண்டை நம் மூப்பர் ஒருவர் மகிழ்ச்சியோடு பெற்றுக்கொண்டார். தோள் இறங்கிய மற்ற ஆறையும் ஞாயிறு பள்ளி ஆசிரியை கேட்டு வாங்கிச் சென்றிருக்கிறார். டிசம்பர் நாடகத்தின் மேய்ப்பர்களுக்கு முழங்கால்வரை நீளும் என்கிறார்.